ஒரு சொம்பு மழை

“மேல்லயத்து ஆளுங்க யாரோ வெளையாடுறாங்க மிஸ். கையும் களவுமா புடிச்சுக் குடுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றார் தோட்டத்து ஃபீல்ட் ஒபிசர் கஜேந்திரன்.

ஸாஹிரா பெல்மதுளைக்காரி. மண்சரிவு ஆபத்துள்ள தோட்டங்களில் நட்டிருக்கும் மழைமானிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எங்கே எவ்வளவு மழை என்பதை யாரும் ஃபோனிலேயே பார்க்கலாம்; மழை அளவு மீறினால் சைரன் அடிக்கும். மலை மேலிருந்த தொழிலாளர் குடியிருப்பான மேல்லயத்து மானி மட்டும் சில நாளாக, மழையே இல்லாத காலையிலும் மழை என்று காட்டிக்கொண்டிருந்தது.

“அட்ரஸ் மாறி வேற மானியோட மழை இதுல விழுதோ?” என்று கேட்டார் கஜேந்திரன்.

“ஐ.பி. அட்ரஸ்ங்கிறது லயத்து வீட்டு நம்பர் மாதிரி சேர். ரெண்டு மானிக்கு ஒரே நம்பர் விழுந்தாத்தான் குழம்பும். இங்க ஒவ்வொண்டுக்கும் வேற வேற.”

மடிக்கணினியைத் திறந்து மானியை ‘பிங்’ பண்ணினாள். நெட்வர்க் வழியாக ‘இருக்கிறாயா?’ என்று ஒரு குரல் கொடுப்பது மாதிரிதான் அது. ‘இருக்கிறேன்’ என்று மலை மேலிருந்து உடனே பதில் வந்தது. லைனில் கோளாறு இல்லை.

“சரி மிஸ், போய்ப் பாருங்க. இப்பிடியே போனா ஒருநாள் சைரன் பொய்யா அடிக்கும். அப்புறம் நெசமா அடிக்கிற அன்னைக்கு ஒருத்தனும் எந்திரிச்சு ஓடமாட்டான்” என்றார் கஜேந்திரன்.

மறுநாள் காலை, எதற்கும் இருக்கட்டும் என்று மாற்று மானி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஸாஹிரா மலை ஏறினாள். றப்பர் மரங்களுக்கு நடுவே பனி மெதுவாக நடந்து போய்க்கொண்டிருந்தது. லயத்துக் கூரைகள் மேகத்தில் மிதந்தன. தான் நடக்கிறாளா மிதக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த வெள்ளைக்குள் ஒரு பெண். கையில் சொம்பு. தூங்குகிற பிள்ளைக்கு நெற்றியில் தண்ணீர் தொட்டு வைப்பவள் போல, மானியின் வாய்க்குள் மெல்ல மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே ‘டிக்… டிக்…’ என்றது.

“அக்கா!”

சொம்பு விழுந்து உருண்டது. அந்தப் பெண், மேல்லயத்து மல்லிகா, ஓடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“எம் மகன் சுரேந்திரன் கத்தார்ல இருக்கான் மிஸ். நம்ம மழைய அவன் ஃபோன்லயே பாப்பான். மழைன்னு தெரிஞ்சா ஒடனே எனக்குக் கோல் எடுப்பான். ‘அம்மா, மண்ணு கிண்ணு எறங்குதா? ஓரத்துல போகாதீங்க’ன்னு கேப்பான். மழ இல்லாட்டி…” தலையைக் குனிந்துகொண்டாள். “தை பொறந்ததுல இருந்து ஒரு சொட்டு இல்லீங்க மிஸ்.”

ஸாஹிராவுக்குக் கோபம் வந்தது. மல்லிகா மேல் அல்ல, கத்தாரில் இருந்த மகன் மேல்.

“அக்கா, இது சைரனோட சேர்த்த மானி. கீழ இரிக்கிற அத்தனை பேர்ட உயிரும் இதிலதான். இனி ஒரு சொட்டும் ஊத்தக் கூடாது.”

“சரிங்க மிஸ்.”

அந்தச் ‘சரிங்க’ பனியோடு பனியாகக் கரைந்தது.

ஸாஹிரா கிளம்பத்தான் நினைத்தாள். கால் வரவில்லை. கொண்டுவந்த மாற்று மானியை மல்லிகா வீட்டு வாசலோரம் நட்டாள். அதற்கென்று புது அட்ரஸ் ஒன்று கொடுத்தாள். நெட்வர்க்கோடு சேர்த்தாள், சைரனோடு சேர்க்கவில்லை. ஒஃபீஸில் கேட்டால் சோதனைக்கு வைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

“ஊத்துறதெண்டா இதில ஊத்துங்க. இந்த மழைக்கு யாரும் ஓடத் தேவையில்ல. ஒங்கட மகன் பாத்தாப் போதும்.”

மல்லிகா புது மானியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். தேத்தண்ணி வைக்க உள்ளே போனாள். அந்த நேரத்தில், அவளிடம் வாங்கிய நம்பருக்கு ஸாஹிரா ஃபோன் எடுத்தாள்.

“சுரேந்திரன், புது மானி ஒண்டு வச்சிரிக்கி. அட்ரஸ் அனுப்புறேன், இனி அதப் பாருங்க.” சூட்டை அடக்க முடியவில்லை. “மழை பெஞ்சாத்தான் அம்மாட ஞாபகம் வருமா? நெச மழை எது, பொய் மழை எதுண்டாவது தெரியுமா?”



“தெரியும் மிஸ். நம்ம தோட்டத்து ஃபெக்டரி பக்கத்து மானியையும் பாக்குறேன்தானே. அங்க காஞ்சு கெடக்கும். எங்கம்மா பக்கம் மட்டும் தூறும்.”

“தெரிஞ்சுமா? அப்ப சும்மா ஒரு நாள் எடுத்துப் பேசினா என்ன?”

“வந்த புதுசுல தெனமும் எடுத்தேன் மிஸ். ‘நான் நல்லாத்தான் இருக்கேன், நீ வேலையப் பாரு’ன்னு ஒடனே வச்சிருவாங்க. என் நேரம் வீணாகுதாம்.” அவன் குரல் இறங்கியது. “எனக்குத் தெரியும்னு அவங்ககிட்ட சொல்லிராதீங்க மிஸ். மழைன்னு சொன்னாத்தான் எங்கம்மா என்கூட நெறைய நேரம் பேசுறாங்க.”