மாறிப்போன ரத்தம்

"என் புள்ளைக்கு எய்ட்ஸுன்னு எழுதிக் குடுத்தது எந்தக் கை? அந்தக் கையை நான் பார்க்கணும்."

தஞ்சாவூர் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மேஜை மேல் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் விட்டெறிந்தாள் நாகம்மாள். குடவாசலில் பஸ் ஏறும்போது மூண்ட கோபம், இறங்கும்போது இரண்டு மடங்காகியிருந்தது. பக்கத்தில் மகன் இளம்பரிதி தலை கவிழ்ந்து நின்றான். முழுகாமல் இருக்கிற மகள் சுடர்விழியை வரவேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும், தம்பிக்கு ஒன்றென்றால் வீட்டில் உட்கார முடியுமா என்று அவளும் கூடவே வந்துவிட்டாள்.

கோபம் வராமல் என்ன செய்யும்? கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ரத்தம் பார்த்துவிடலாம் என்று பெண் வீட்டார் கேட்டார்கள். நியாயம்தானே என்று நாகம்மாளும் தலையாட்டினாள். ஜாதகம் மாற்றிக்கொள்வது போல ரிப்போர்ட்டை மாற்றிக்கொண்டார்கள். மறுநாளே நிச்சயத் தட்டு திரும்பி வந்துவிட்டது. ஊர் வாய் சும்மா இருக்குமா? இளம்பரிதி ஓட்டுகிற அறுப்பு மெஷினைக்கூட அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. மனசு ஆறாமல் அவள்தான் மகனைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மூன்று விதமான கிட் வைத்துப் பார்த்தார்கள். மூன்றிலும் ஒன்றுமில்லை.

நிலையத்தை நடத்துகிற ஜாஃபர் சாதிக் நிதானமாகத்தான் பேசினார். முதலில் செய்கிற எலிசா சோதனை சில சமயம் இல்லாததையும் இருக்கிறதென்று காட்டிவிடும், அதனால் அதே ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளாட் என்கிற அடுத்த கட்டச் சோதனையும் செய்து பார்த்தோம், இரண்டும் ஒரே பதிலைத்தான் சொன்னன என்றார்.

"அப்ப பெரியாஸ்பத்திரிக்காரங்க பொய் சொல்றாங்களா?"

"அதுவும் தப்பா இருக்காதும்மா. அதான் எனக்கும் புரியல."

"உங்களுக்குப் புரியறதுக்குள்ள என் புள்ள வாழ்க்கையே போயிடுச்சு. அறுப்பு நேரத்துல மெஷினை நிறுத்திட்டு வந்து ரத்தம் குடுத்தானே, அதுக்கு இதுதான் கூலியா?"

"அம்மா, போதும். போயிடலாம்," என்றான் இளம்பரிதி. ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து அவன் சொல்வது இது ஒன்றுதான். இப்படி வாயில்லாப் பூச்சியாகப் பெற்றோமே என்று நாகம்மாளுக்கு அவன் மேலும் ஆத்திரம் வந்தது.

சுடர்விழியின் புருஷன், மருமகன் பஞ்சநதம் வந்திருந்தால் இந்நேரம் இந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். மருமகனா அவர், மூத்த பிள்ளை அல்லவா. இளம்பரிதிகூட அத்தான் அத்தான் என்று அவரையே சுற்றுவான். கல்யாண வேலை அத்தனையையும் அவர்தான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். இன்றைக்கென்று பார்த்து வயலில் வேலை என்று சொல்லிவிட்டார்.

ஜாஃபர் சாதிக் ஒரு முடிவுக்கு வந்தவராக எழுந்து, ஃப்ரிட்ஜில் வைத்திருந்த அந்தப் பழைய ரத்தத்தை எடுத்தார். இளம்பரிதியின் விரலில் குத்திப் புதிதாக ஒரு சொட்டு எடுத்தார். இரண்டுக்கும் எல்லார் கண்ணெதிரிலேயே குரூப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"குரூப்பே வேறம்மா. அது உங்க பையன் ரத்தம் இல்ல. இங்கதான் எங்கேயோ மாறிப்போயிருக்கு. மன்னிச்சுக்குங்க."

நாகம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அடுத்த நிமிஷமே கோபம் தலைக்கேறியது. பெண் வீட்டுக்கு நீங்களே நேரில் வந்து இதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடையைத் திறக்க விடமாட்டேன் என்று கத்தினாள். ஜாஃபர் சாதிக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

சுடர்விழிக்கு அதோடு விட மனம் வரவில்லை.

"அது யாரோட ரத்தம்னு முதல்ல கண்டுபிடிங்க சார். தனக்கு இருக்கறது தெரியாமலே அந்த மனுஷன் வீட்ல நடமாடிக்கிட்டு இருப்பாரு. அவருக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தா, அவளுக்கு யாரு பதில் சொல்றது?"

இளம்பரிதி முதல்முறையாக நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"சார் மேல தப்பில்லக்கா," என்றான். "அன்னிக்கு மெஷினை விட்டுட்டு என்னால வர முடியல. ரத்தம்தானடா, நான் போய்க் குடுத்துட்டு வர்றேன்னு, என் பேரைச் சொல்லிக் குடுத்தது அத்தான்தான்."