எட்டு மணி வெடி

"இன்னும் டைம் ஆகலை. எட்டு மணி கழிஞ்சு பொட்டிச்சா மதி" என்று ரோட்டோரம் நின்ற போலீஸ்காரர் பாதி மலையாளத்தில் அதட்டினார். ஐம்பது வயது பூபதிராஜா, புகையும் ஊதுபத்தியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

வேலந்தாவளத்தில் தீபாவளி ஒன்றுதான், சட்டம்தான் இரண்டு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேரளா. ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை வெடிக்கலாம். அந்தப் பக்கம் தமிழ்நாடு. சாயங்காலம் ஏழுக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடித்துவிட வேண்டும். அங்கே அடங்கும்போது இங்கே ஆரம்பிக்கும்.

அந்தப் பக்கம் தென்னந்தோப்பைத் தாண்டி நாலைந்து வீடுகள் சேர்ந்தாற்போலத் தெரியும் வளவில்தான் தங்கை கற்பகத்தின் வீடு. அப்பாவின் கிணற்றில் யாருக்கு என்றைக்குத் தண்ணீர் என்று ஆரம்பித்த சண்டை. அண்ணனும் தங்கையும் முகம் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது.

ஆனால் கற்பகம் கெட்டிக்காரி. ஒவ்வொரு தீபாவளிக்கும், அவள் பக்கம் எல்லோரும் அடங்கி எட்டு மணி தாண்டியதும், சட்டத்தை மீறி ஒரே ஒரு லட்சுமி வெடி வைப்பாள். உடனே இவர் ஒரு சரத்தைக் கொளுத்திப் பதில் சொல்வார். இத்தனை வருஷமும் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அது கேட்டால்தான் பூபதிராஜாவுக்குத் தீபாவளி.

இந்த வருஷம் அந்தச் சத்தம் கேட்டதும் நேரே ரோட்டைத் தாண்டிப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார். அவளுக்குச் சீர்ச் சேலைகூட எடுத்து பீரோவில் வைத்தாயிற்று.

ஆனால் ஏழு மணியிலிருந்தே அந்த வளவில் ஒரு பொட்டுவெடிகூட வெடிக்கவில்லை.

"போன வருசம் நேரந்தப்பி வெடிச்சவங்க மேல கேஸ் போட்டாங்களாமா. எல்லாரும் பயந்துட்டாங்களாட்ட இருக்குது" என்றார் மனைவி வனிதாவிடம்.

"உங்க தங்கச்சி கேஸுக்குப் பயப்படற ஆளாங்க?" என்று வனிதா சிரித்தாள்.

சட்டைப் பையில் செல்போன் விடாமல் அடித்தது. வாழ்த்துச் சொல்கிற கூட்டமாக இருக்கும். அந்த இரைச்சலில் கற்பகத்தின் வெடி காதில் விழாமல் போய்விடப்போகிறது என்று அதை அணைத்துவிட்டார்.

மணி எட்டு ஆயிற்று. போலீஸ்காரர் 'ம்' என்று தலையாட்ட, இந்தப் பக்கம் ஊருக்குள் படபடவென்று ஆரம்பித்தது. பூபதிராஜா மட்டும் தோப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

"இதையும் நிறுத்திப்போட்டா பாரு. அண்ணனே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டா" என்றபோது அவர் குரல் உடைந்துவிட்டது.

"சின்னவதானுங்களே. ஒரு வருசம் நீங்க மொதல்ல வெச்சா கொறஞ்சா போயிருவீங்க?"

அதுவும் சரிதான் என்று பட்டது. வாங்கி வைத்திருந்ததிலேயே பெரிய சரத்தை ரோட்டோரம் நீளமாக விரித்துத் திரியைக் கொளுத்தினார். வெடித்து முடிய வெகுநேரம் ஆயிற்று. அவளுக்குக் கேட்காமல் இருக்க வழியே இல்லை.

புகை கொஞ்சம் விலகியது. தோப்பு வழியாக யாரோ ஓட்டமும் நடையுமாக வருவது தெரிந்தது. கற்பகத்தின் மகள் செல்வப்பிரியா. தீபாவளியும் அதுவுமாகப் பழைய சுடிதாரில், செருப்புகூடப் போடாமல் ரோட்டைத் தாண்டி வந்து அவர் முன்னால் நின்றாள்.

பூபதிராஜாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு சரத்துக்கே கற்பகம் இறங்கி வந்துவிட்டாளே, இதை முன்னாலேயே செய்யாமல் போனோமே என்று நினைத்தார்.

"மாமா" என்றாள் மூச்சிரைக்க. "போன் அடிச்சு அடிச்சுப் பார்த்தமுங்க. அம்மாவுக்குச் சீலை வேணுமுங்க. நீங்கதா கொண்டாரோணுமாம்."

"எடுத்து வெச்சாச்சு சாமி" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "உங்கம்மாளுக்குப் புடிச்ச கிளிப்பச்சை. இந்த வருசம் தீபாவளிச் சீலை எங் கையாலதான். இரு, நானும் கூடவே வர்றேன்."

செல்வப்பிரியா காலடியில் சிதறிக் கிடந்த வெடிக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தீபாவளிச் சீலை இல்லீங்க மாமா. அம்மா மேல போத்தறதுக்குப் பொறந்த ஊட்டுக் கோடி."