பீரோவுக்குள் மவுஸ்

"மவுஸை பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டினது யாரு?"

டோனி போட்ட சத்தத்தில் அந்தப் பூட்டுக் கம்பெனி ஆபீஸே நிமிர்ந்து பார்த்தது. கம்ப்யூட்டர் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, மவுஸை மட்டும் காணோம். ஆபீஸ் முழுக்கத் தேடிவிட்டுத் திரும்பினால், இரும்பு பீரோவின் கதவிடுக்கில் அதன் வால் மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறது.

"நான்தான் சார்." ஐரின் எழுந்து நின்றாள். "அது இல்லாம யாரும் கம்ப்யூட்டரைத் தொறக்க முடியாதுல்ல? களவு போயிரக் கூடாதேன்னு..."

மோகன்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். தலைமைக் கணக்கர் சிலுவைமுத்து, இந்தச் சின்னப் பிள்ளைகள் சகவாசமே வேண்டாம் என்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏங்க மேடம், மவுஸ் இல்லாட்டியும் கீபோர்டை வச்சே எல்லாத்தையும் தொறந்துரலாம். கம்ப்யூட்டருக்குப் பூட்டு வேற. பாஸ்வேர்டுன்னு பேரு. அதை யாருகிட்டயும் சொல்லவும் கூடாது, எழுதி மானிட்டர்ல ஒட்டி வைக்கவும் கூடாது. புரியுதா?"

டோனி திட்டி முடிப்பதற்குள் மவுஸ் மேஜைக்கு வந்துவிட்டது.

டோனி, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார். பொங்கல் கழிந்ததும் பில் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று முடிவெடுத்த முதலாளி, ஆபீஸ் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்க அவனை வரவழைத்திருந்தார். கூடவே ஒரு குண்டையும் தூக்கிப் போட்டிருந்தார். சனிக்கிழமை டோனி வைக்கும் பரீட்சையில் தேறாதவர்கள் வத்தலக்குண்டு குடோனுக்குப் போக வேண்டியதுதான்!

மூன்று பேராலும் ஊரை விட்டுப் போக முடியாது. மோகன்குமார் புது மாப்பிள்ளை. ஐரினுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். சிலுவைமுத்துவின் மனைவி ஆரோக்கியம்மாள் கை கால் விளங்காமல் படுக்கையில். தினமும் மதியம் சைக்கிளை மிதித்துப் போய் அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு வருவார் மனிதர்.

மற்ற இரண்டு பேரைப் பற்றி டோனிக்குக் கவலையில்லை. சிலுவைமுத்து ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் "தெரியும், தெரியும்" என்று தலையாட்டிவிடுவார். ஐரின்தான் அவன் பிராணனை வாங்கினாள்.

"ராம்ங்கிறீங்க, ஹார்ட் டிஸ்க்குங்கிறீங்க. ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"இல்ல மேடம். ராம்ங்கிறது நீங்க வேலை பாக்குற மேஜைன்னு வச்சுக்கங்க. ஹார்ட் டிஸ்க்குதான் பீரோ. கரண்டு போனா மேஜையில கெடந்தது போயிரும். பீரோவுக்குள்ள வச்சது போகாது. அப்படி உள்ள வைக்கிறதுக்குப் பேருதான் சேவ்."

"அப்ப விண்டோவை மூடுனா எழுதுனது அழிஞ்சிருமா?"

"சேவ் பண்ணிட்டு மூடுங்க. அழியாது."

"இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க சார். மண்டையில ஏற மாட்டேங்குது."

சிலுவைமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உபதேசம் செய்தார்.

"நல்லாக் கேட்டுக்கம்மா. உன் ஒருத்திக்காக சார் இம்புட்டுப் பாடுபடுறாரு."

மறுநாளும் அதே கதைதான். ஃபோல்டர் எது, ஃபைல் எது? சுவிட்சை அப்படியே அணைத்தால் என்ன ஆகும்? பதில் சொல்லிச் சொல்லி டோனிக்கு நாக்கு தள்ளிவிட்டது. 'இந்தம்மாவுக்கு வத்தலக்குண்டுதான்' என்று வெள்ளிக்கிழமையே முடிவு கட்டிவிட்டான்.

சனிக்கிழமை வந்தது. ஆளுக்கு ஒரு பில் போட வேண்டும், சேவ் செய்ய வேண்டும், பிளாப்பி டிஸ்க்கில் ஏற்றிக் காட்ட வேண்டும்.

மோகன்குமார் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டான். சிலுவைமுத்து அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ஒற்றை விரலால் அடித்தார். "மேஜை... பீரோ... சேவ்" என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தாலும் ஒரு தப்பு இல்லை.

"பிரமாதம் சார்!" டோனி கை கொடுத்தான். கிழவருக்கு முகமெல்லாம் பல்.

கடைசியாக ஐரின் உட்கார்ந்தாள். டோனி அனுதாபத்தோடு பக்கத்தில் போய் நின்றான்.

பத்து விரலும் கீபோர்டில் மழையாய்ப் பொழிந்தன. பில் முடிந்தது. சேவ் ஆனது. பிளாப்பியிலும் ஏறிவிட்டது. மவுஸை அவள் தொடவே இல்லை.

டோனி வாயைப் பிளந்தான். "மேடம்... எங்க படிச்சீங்க?"

"மதுரையில. கல்யாணத்துக்கு முன்னாடி அங்க ஒரு சென்டர்ல இதே கிளாஸ் எடுத்துக்கிட்டிருந்தேன் சார்."

அவனுக்குக் கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. "பின்ன எதுக்கு வாரம் பூரா அப்படிக் கேள்வி கேட்டு என் உயிரை எடுத்தீங்க? இதுல மவுஸை வேற பீரோவுல வச்சுப் பூட்டி..."

"சத்தம் போடாதீங்க சார்." ஐரின் சிலுவைமுத்து பக்கம் கண்ணைக் காட்டினாள்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. வீட்டுக்குக் கிளம்பிய சிலுவைமுத்து, வாசல் வரை போனவர், என்ன நினைத்தாரோ, திரும்பி ஐரினிடம் வந்தார். இடுப்புக் கயிற்றிலிருந்து எதையோ அவிழ்த்து அவள் கையில் வைத்தார்.

"பீரோ சாவிம்மா. பீரோ வாங்குன நாள்ல இருந்து இது என் இடுப்பை விட்டு எறங்குனதே இல்ல. முதலாளி கேட்டும் குடுத்ததில்ல. அன்னைக்கு மவுஸை வச்சுப் பூட்டினப்பவும் இங்கதான் இருந்துச்சு. இனிமே நீ வச்சுக்க."