ரேடாருக்குத் தெரியாத விமானம்

ஒரு போர் விமானத்தின் மூக்கில் இருந்த ரேடாருக்குப் புது மென்பொருள் ஏற்றினார்கள். அதைச் சோதிக்க, எதிரியாக நடிக்கச் சொல்லி ஒரு சிறிய விமானத்தையும் வானத்துக்கு அனுப்பினார்கள்.

"யாராவது வர்றாங்களா?" என்று கேட்டது போர் விமானம்.

"ஒருத்தரும் இல்ல" என்றது ரேடார்.

"இதோ, இடது பக்கம் ஒண்ணு வருதே!"

"என் புது மென்பொருள்ல இருக்கிற பட்டியல்ல அப்படி ஒரு விமானமே இல்ல. பட்டியல்ல இல்லாதது வானத்துல எப்படி இருக்கும்?"

சிறிய விமானம் பதறிப்போய், இறக்கை உரசும் அளவுக்கு நெருங்கி வந்தது. "அண்ணே, நான் இங்கேதான் இருக்கேன்! நல்லாப் பாருங்க!" என்று கத்தியது.

"இன்னிக்குக் காத்து கொஞ்சம் பலம்தான்" என்றது ரேடார்.

தரையிறங்கியதும் ரேடார் அறிக்கை கொடுத்தது: 'வானம் காலி. மென்பொருளில் ஒரு குறையும் இல்லை.' எல்லாரும் கைதட்டினார்கள். போர் விமானம் ஏதோ சொல்ல வாயெடுத்தது. கைதட்டல் நிற்கவே இல்லை என்பதால் பேசாமல் இருந்துவிட்டது.

களைத்துப்போன சிறிய விமானம் எரிபொருள் லாரியைக் கூப்பிட்டது. "டேங்க் காலி அண்ணே, கொஞ்சம் ஊத்துங்க."

"நீ இன்னிக்குப் பறக்கவே இல்லன்னு அறிக்கை வந்திருக்கு. பறக்காதவனுக்கு எரிபொருள் எப்படித் தீரும்?" என்று கேட்டுவிட்டு லாரி போய்விட்டது.

சிறிய விமானம் மெல்லக் குனிந்து, தரையில் தன் நிழல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டது.