இரண்டாவது ஓட்டு

வயோமிங்கின் அந்தச் சிற்றூரே குடியரசுக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடும். எதிர்க்கட்சிக்கு விழுவது எப்போதும் ஒரே ஓட்டு. பழி விழுவது வில்மா டீச்சர் மேல். இந்த ஜனாதிபதித் தேர்தலில் இரண்டு விழுந்துவிட்டன.

"நாலு தலைமுறை மானம் போச்சு!" சாப்பாட்டு மேசையில் குத்தினார் ஹார்லன். மருமகள் பக்கம் திரும்பினார். "எதிர்க்கட்சி கோட்டையிலேர்ந்து வந்த வெர்மான்ட்காரி, உன் வேலைதானே?"

"நான் காய்ச்சல்ல படுத்திருந்தேன் மாமா, ஓட்டே போடல" என்றாள் மருமகள்.

மகன் யோசித்தான். "டீச்சர் ஜூன்லயே ஊரைவிட்டுப் போயிட்டாங்களேப்பா. அப்ப அந்த முதல் ஓட்டு யாருது?"

"அது யாருதுன்னு எனக்குத் தெரியும்டா! இன்னொண்ணு யாருது?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஹார்லனின் காது சிவந்தது.

மனைவி லொரீன் 'ஆப்பிள் பை' பலகாரத்தில் பெரிய துண்டாக வெட்டி அவர் தட்டில் வைத்தாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் ஒரே வண்டியில போயிருக்கலாமேங்க."