மூழ்கிய கப்பல்கள்

“அவங்க வந்தா கப்பல் பேச்சையே எடுக்காதீங்க,” என்றாள் தனம்.

அவள் கணவர் கண்ணாயிரம் தலையாட்டினார். கடற்படையிலிருந்து வந்து திருவண்ணாமலையில் பாத்திரக்கடை வைத்தவர். தான் வேலை செய்த சின்னப் பீரங்கிப் படகு, எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் எதிரிக் கப்பலை மூழ்கடித்த கதையைச் சொல்லாமல் ஒரு குடம்கூட விற்றதில்லை. முதலில் ஒரு கப்பல்தான் மூழ்கியது. வியாபாரம் வளர வளர அது மூன்றாகிவிட்டது. கடல் இல்லாத ஊரில் குறுக்குக் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்?

இப்போது ஆள் வருகிறது. மகள் சிந்துஜாவைப் பெண் பார்க்க வரும் கீழ்பென்னாத்தூர் அப்பாசாமியும் அதே படகுக்காரராம். கண்ணாயிரம் இறங்கிய பிறகு ஏறியவராம். தரகர் நேற்றுதான் சொன்னார். அப்பாசாமியின் பையன் எழிலின் போட்டோவோ சிந்துஜாவின் தலையணைக்கு அடியில் போய்விட்டது. புளுகன் வீட்டுப் பெண் வேண்டாம் என்று போய்விட்டால்?

வேனில் வந்து இறங்கினார்கள். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் முடிந்தது. எழில் முகத்திலேயே சம்மதம் தெரிந்தது. தனம் மூச்சு விட்ட நேரம் பார்த்து, பையனின் அத்தை ஜோதியம்மாள் ஆரம்பித்தாள்.

“அண்ணே, அந்தப் படகுச் சண்டைய நீங்களும் ஒரு தடவை சொல்லுங்க.”

கண்ணாயிரத்துக்கு வியர்த்தது. எதிரே அப்பாசாமி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அந்தப் படகு ஒரு குண்டுகூட சுட்டதில்ல. தீவுல இருந்த லைட் ஹவுஸ்காரங்களுக்கு வெங்காயம், உருளைக்கிழங்கு கொண்டு போய்க் குடுக்கும். அவ்ளோதான்.”

தனம் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாசாமி எழுந்து தன் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களா? ராணுவ ரகசியம். நெஜமா சண்டை போட்டவரு வாயே தெறக்க மாட்டாரு. இந்த மாதிரி வீட்லதான் பொண்ணு எடுக்கணும்.”

அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

கை கழுவப் பின்பக்கம் போன சம்பந்திக்குத் துண்டு எடுத்துக்கொண்டு போன தனம், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அப்பாசாமி அவள் கணவரின் தோளைப் பிடித்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன சம்பந்தி, ஊர் ஜனத்துக்கு முன்னாடி என் மானத்தையே வாங்கப் பாத்தீங்களே! நீங்க இங்க மூணு கப்பல்னு சொல்றீங்களாம், நான் அங்க அஞ்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். கல்யாணத்துல ரெண்டு ஊரும் ஒரே பந்தியில உக்காரும், நாலுன்னு முடிச்சிக்கலாமா?”