ஒன்றரை அடிப் பலகை

"ஹீரோ கழுத்துல சாக்கு எதுக்கு ப்ரோ? எடுத்துடுங்க. தலைய நிமிர்த்தி நடக்கட்டும்."

அவர் எடுத்துவிட்டார்.

ப்ரோ என்று கூப்பிட்டவன் விஷ்ருத். வந்து ஒன்பது நாள். இந்த வீடியோ கேமை உருவாக்குகிற குழுவுக்கு ஐந்தாவது தலைவன்.

அவர் முதல் பாகத்திலிருந்து இருக்கிறார். கேமின் ஹீரோ மிக்கேலுக்குத் திரையில் நடை கொடுத்த அனிமேட்டர் அவர்தான். மிக்கேல் துறைமுகத்துச் சுமைக்காரன். ஆறு பாகமாக மூட்டையைச் சுமந்துகொண்டு சரக்குத் தோணிக்கு ஏறுகிறான். கரைக்கும் தோணிக்கும் நடுவே ஒன்றரை அடிப் பலகை. அவ்வளவுதான் வழி.

இரண்டாவது தலைவன் மிக்கேலுக்குக் குதிரை வாங்கிக் கொடுத்தான். மூன்றாமவன் கைலியை உருவிவிட்டு ஜீன்ஸ் மாட்டினான். நான்காமவன் ஒரு காதலியைக் கூட்டிவந்தான்.

எல்லோரும் போய்விட்டார்கள்.

மூட்டையில் மட்டும் எவனும் கை வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளிகள் வருகிறார்கள். அவர்கள் தலையாட்டினால் ஏழாம் பாகத்தில் மூட்டை கிடையாது.

"நானே விளையாடிக் காட்டுறேன்" என்றான் விஷ்ருத்.

அவன் ஒரு பாகம்கூட விளையாடியதில்லை. கதைச் சுருக்கம் படித்திருந்தான். அதுவும் வேறு யாரோ எழுதிக் கொடுத்தது.

வெள்ளிக்கிழமை. பெரிய திரை. நாலு முதலாளிகள்.

மிக்கேல் வெறுங்கையோடு பலகையில் ஏறினான். நெஞ்சை முன்தள்ளி, சாவகாசமாக, மண்டபத்துக்குள் நுழைகிற மாப்பிள்ளைத் தோழன் மாதிரி.

பின்னால் மூட்டைக்காரர்கள் வரிசையாக ஏறினார்கள். முட்டி மடங்கி, காலடி குறுகி, பார்வை முன்னால் போகிறவன் குதிகாலில்.

முதல் ஆள் நிற்கவில்லை. தோளால் ஒரு இடி.

மிக்கேல் கடலில் விழுந்தான்.

படிக்கப் போவதற்கு முன் அவர் இரண்டு வருஷம் தோணிக்கு மூட்டை ஏற்றியிருக்கிறார். முதல் நாள் பலகை நடுவில் சும்மா நின்று வேடிக்கை பார்த்தார். பின்னால் வந்தவர் திட்டக்கூட இல்லை. இடித்தார். சுமையோடு நின்றால் முட்டி போய்விடும். சும்மா இருக்கிறவன்தான் ஒதுங்கணும். உப்புத் தண்ணியைத் துப்பும்போதே அது விளங்கிவிட்டது.

முதல் பாகத்திலேயே அதைக் கேமின் விதியாக எழுதி வைத்துவிட்டார். விளையாடுகிற பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். கையில் சுமை இல்லையென்றால் ஓரமாகக் குந்திக்கொள்வார்கள்.

விஷ்ருத் மறுபடி ஏறினான்.

கடல்.

மறுபடி.

கடல்.

கேமைச் சோதித்துப் பார்க்கிற பெனிட்டா அவர் பக்கம் குனிந்தாள். "சொல்லிரலாமா சார்?"

"கேட்டா சொல்லுவோம்."

"பலகைய அகலமாக்குங்க" என்றான் விஷ்ருத். இந்தத் தடவை ப்ரோ இல்லை.

மூன்றடி ஆக்கினார். கடல்.

ஆறடி. கடல்.

கடைசியில் லாரி போகிற அகலம் ஆக்கினார். ஒதுங்க இப்போது தாராளமாக இடம் இருந்தது. அவனுக்கு அது தோன்றவில்லை. நடுவிலேயே போனான்.

கடல் எட்டவில்லை. மிக்கேல் குப்புற விழுந்தான். வரிசை அவன் முதுகை மிதித்துக்கொண்டு ஏறியது. ஒருத்தன், இரண்டு பேர், பத்துப் பேர். அவ்வளவு அகலத்திலும் அவர்கள் அந்த ஒன்றரை அடியை விட்டு நகரவில்லை.

ஒரு முதலாளி இருமினார். இன்னொருவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

விஷ்ருத் திரும்பி, பெனிட்டா பக்கத்தில் இருந்த அவரைப் பார்த்தான். வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பலகைக்குக் கீழே, கரையில், ஒரு மூட்டை கிடந்தது. காலையில் அவர் போட்டு வைத்தது.

கொஞ்ச நேரத்தில் விஷ்ருத்தும் அதைப் பார்த்தான்.